அண்ணன் கழற்றிக் கொடுக்கச் சொன்ன டிராக்டர்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர் அவரை எனக்கு முன்பே அறிந்தவர்கள். ஆனாலும் கடைசிப் பத்தாண்டுகள் இந்த வீட்டில் அவரோடு இருந்தவள் தங்கையான நான் ஒருத்திதான் என்பதால் எழுதுகிறேன்.

நல்லேப்பிள்ளியில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா திடீரென்று போய்விட, பக்கத்துச் சித்தூரில் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு வயலில் இறங்கினார். என்னைக் கட்டிக் கொடுத்தார், தான் கட்டிக்கொள்ளவில்லை. என் கணவர் இறந்தபோது, "நம்மூட்டுக்கே வந்துரு அம்மிணி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உழவு வேண்டும். ஆள்பலம் இல்லாத எங்கள் வயலுக்கு வாடகை டிராக்டர் கடைசியில்தான் வரும். அதனால் அண்ணன் சொந்தமாக ஒன்று வாங்கினார். ஜப்பானிலிருந்து இறக்குமதியான பழைய சின்ன டிராக்டர். தென்னை மரங்களுக்கு நடுவே திரும்பும், சேற்றில் புதையாது. "ஸ்பேர் சாமானெல்லாம் கோயமுத்தூர்லயே கெடைக்குமுங்க" என்று விற்றவர் சத்தியம் செய்தார். அண்ணன் யார் சொன்னாலும் நம்புகிறவர்.

மூன்றாம் வருஷம் நடவுக்கு முன் கியர் பல் உடைந்தது. கோயமுத்தூர் முழுக்க அலைந்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மாதக்கணக்கில் ஆகுமாம், விலையோ பாதி வண்டி விலை. அப்போது அவர் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. சாமான் கழற்றிக்கொள்ளலாம் என்று, ஓடாமல் கிடந்த அதே மாடல் வண்டி இன்னொன்றை வாங்கி லாரியில் ஏற்றி வந்தார். பிரித்துப் பார்த்தால் அதிலும் அதே கியர்தான் உடைந்திருந்தது.

"ஏனுங்ண்ணா, வாங்கறதுக்கு முன்னால பாக்கலீங்களா?" என்றேன்.

"ரெண்டுக்கும் ஒரே வியாதியா இருக்கும்னு யாரு கண்டா அம்மிணி" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தார். அந்த வருஷம் நடவு பிந்தி, விளைச்சல் பாதியாகிவிட்டது.

கடைசியில், பொள்ளாச்சியில் அதே மாடல் வண்டி வைத்திருந்த ஒருவர் லேத்தில் கியர் செய்து கொடுத்தார். அவர் மூலம் இன்னொருவர் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். யாருக்கு எது உடைந்தாலும் அண்ணன் இரண்டாவது வண்டியிலிருந்து கழற்றிக் கொடுப்பார். சாயங்காலமெல்லாம் போனில் பேச்சு. என்னோடு நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவர் பெல்ட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

படுக்கையில் விழுந்த பிறகு என்னைக் கூப்பிட்டார். "ரெண்டு வண்டியையும் பழைய இரும்புக்குப் போட்றாத. கேக்கறவங்களுக்குக் கழட்டிக் குடுத்துரு. காசு வாங்காத. சாமான் இல்லாம வண்டி நின்னா என்ன பாடுன்னு நமக்குத் தெரியுமல்ல."

அப்படியே செய்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள், கழற்றினார்கள், அண்ணனைப் பற்றிப் பேசிக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். சாமான் குறையக் குறைய ஆள் வருவதும் குறைந்தது. வீட்டில் இப்போது பேச்சுச் சத்தமே இல்லை. போன மாதம் போடிமெட்டுப் பக்கத்து ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் அழைத்தார். "அக்கா, வண்டிய ஸ்டார்ட் பண்ற செல்ஃப் மோட்டார் மட்டும் கெடைச்சாப் போதும்க்கா. வண்டி நின்னு ரெண்டு மாசமாச்சு" என்றார். இல்லை என்றேன்.

அண்ணனை மருத்துவமனையில் தாங்கிப் பிடித்த செவிலியருக்கும், கடைசிவரை தோள் கொடுத்த பங்காளிகளுக்கும், அக்கம்பக்கத்தாருக்கும் என் கைகூப்பிய நன்றி. இந்த மலர் அந்த ஏலத்தோட்டக்காரருக்கும் தபாலில் போகிறது. தம்பி, நான் சொன்னது பொய். மோட்டார் இருக்கிறது. உருப்படியாக மிஞ்சியது அது ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டால் அண்ணனைக் கேட்டு வர யாருமே இருக்க மாட்டார்களே என்று வைத்துக்கொண்டேன். அண்ணன் சொல்லை மீறிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பார்சலில் மட்டும் அனுப்பச் சொல்லாதீர்கள். நேரில் வந்து உங்கள் கையாலேயே கழற்றிக்கொள்ளுங்கள். காலையிலேயே வந்துவிடுங்கள், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.