நிமிர்ந்து பார்க்கிற கேமராதான் கேட்டேன், காதர் அண்ணே

காதர் அண்ணன் காலமாகிவிட்டார். இன்று காலையில்... தூக்கத்திலேயே. ஈப்போவில் கேமரா கடை வைத்திருந்தாரே, அவர்தான்.

வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவர் "உங்க குருநாதர் போயிட்டாரே" என்று எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறார். குருவும் இல்லை, சிஷ்யையும் இல்லை. அவர் கேமரா விற்றார், நான் வாங்கினேன். நடுவில் ஒரு சண்டை. அந்தச் சண்டையை எழுதாமல் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்கு வந்தேன். பால்மரம் வெட்டிய கை, தோட்டப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஒரு ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களை ஆல்பத்தில் ஒட்டுகிற வேலை கிடைத்தது.

ஒட்டி ஒட்டிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. தாலி கட்டுகிற படத்தில் எந்தப் பெண்ணுக்கும் முகமே இல்லை! வகிடு, நெற்றிச்சுட்டி, பூ... அவ்வளவுதான். எல்லாரும் தலை குனிந்தே இருந்தார்கள்.

நான் எடுத்தால் முகம் இருக்கும் என்று தோன்றியது. கல்யாணப் படம் எடுக்கப் பழகுவது என்று முடிவு செய்து, நேரே காதர் அண்ணன் கடைக்குப் போனேன்.

இரண்டு கேமராவை எடுத்து வைத்தார். ஒன்று பெட்டி மாதிரி, வயிற்றுக்கு நேராகப் பிடித்து மேலேயிருந்து குனிந்து பார்ப்பது. இன்னொன்று கண்ணில் வைத்து நேராகப் பார்ப்பது.

"தங்கச்சி, இந்தப் பொட்டிய எடுத்துக்க. கல்யாணப் பொண்ணு குனிஞ்சுதான் இருக்கும். கீழேருந்து எடுத்தா மொகம் விழும்லா. நீயும் குனிஞ்சே நிக்கலாம்... ஒன்னய யாரும் கவனிக்க மாட்டாங்க."

அந்தக் கடைசி வார்த்தையில் எல்லாம் இருந்தது. பொட்டு வைக்காதவள் மணவறைக்கு முன்னால் நிற்கலாமா என்று ஊர் கேட்கும். நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"அதுல ரோல் சீக்கிரம் முடியும்ணே. தாலி கட்டுற நேரத்துல ரோல் மாத்திக்கிட்டா நிப்பேன்? கண்ணுல வைக்கிறதைக் குடுங்க."

"அப்ப பொண்ணு மொகம்?"

"பொண்ணை நிமிரச் சொல்றேன்."

விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணாடி அலமாரியில் ஒரு மரக் கேமரா இருக்கும்... 1920களில் அவருடைய தாத்தா துரைமார்களைப் படம் எடுத்தது. அதைக் காட்டி, "அப்ப இத எடுத்துட்டுப் போ. கறுப்புத் துணி இருக்கு. திட்டு விழும்போது உள்ள தலைய விட்டுக்கலாம்லா" என்றார்.

"துணிய நீங்களே வச்சிக்குங்க. படம் நல்லா வந்துட்டா ஒங்களுக்குத்தான் மூஞ்சிய மறைக்கத் தேவைப்படும்."

கண்ணில் வைக்கிற கேமராதான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

முதல் கல்யாணம் கோப்பெங்கில். பெண்ணின் அப்பா காதர் அண்ணனுக்குக் கூட்டாளி, அவர் சொல்லித்தான் எனக்குக் கிடைத்தது. காதர் அண்ணனும் சாப்பிட வந்திருந்தார்.

தாலி எடுக்கிற நேரம். நான் முன்னால் போய் நின்றேன். பெண்ணின் அத்தை கத்தினார்... "தாலியறுத்தவ முன்னால வந்து நிக்குறா, கேக்க ஆளில்லையா? பின்னால போ!"

கால் ஒரு எட்டு பின்னால் போனது உண்மை. அப்போதுதான் தவில்காரர் கண்ணில் பட்டார்.

"அக்கா, தவில்காரரு சம்சாரம் போன வருசம்தான் தவறிச்சு. அவரயும் பின்னால அனுப்பிருங்க. கெட்டிமேளத்த நீங்களே வாயால கொட்டிருங்க."

மண்டபத்தில் ஒரே ஒரு சிரிப்புச் சத்தம்... காதர் அண்ணன்! அடுத்து தவில்காரரே சிரித்துவிட்டார். குருக்கள் நேரம் போகிறது என்று கையைத் தூக்கினார், மேளம் கொட்டியது.

"தாயி, நிமிரு! என்னயப் பாரு!"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். அத்தை வாயால் மேளம் கொட்டுவதை நினைத்து அவளுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டிருந்தது. எடுத்தேன்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டினார் காதர் அண்ணன். அத்தை வந்துவிட்டார்.

"தாலி ஏறும்போது பல்லக் காட்டுது. எறக்கு அத! இல்லன்னா எங்க சனம் எவனும் ஒன் கடப் படி ஏற மாட்டான்."

"ஏறாட்டி போகட்டும்க்கா. வந்தது வந்துட்டீங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

சொன்ன மாதிரியே கொஞ்சம் பேர் வராமல் போனார்கள். படத்தை அவர் இறக்கவில்லை.

ஆனால் அத்தை தலை மறைந்ததும் என் பக்கம் திரும்பினார் பாருங்கள்... "கழுத்துல நெழல் விழுந்திருக்கு. நான் சொன்ன பொட்டிய வாங்கியிருந்தா விழுந்திருக்காது."

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும் அதையேதான் சொன்னார். மூச்சு வாங்குகிறது, நிழலை விட மாட்டேன் என்கிறார். நானும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றைக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பேரன் பேத்தி எடுத்துவிட்டேன், என் பேத்தி கல்யாணத்துக்கும் நானேதான் படம் எடுத்தேன். "இந்த வயசில் போதுமே" என்று கீழே கமெண்டில் யாரும் எழுத வேண்டாம்.

மதியத் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று அவர் மகன் சொன்னார். வீட்டுக்குப் போய் முகம் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு ஜெலாப்பாங்கில் ஒரு கல்யாணம். பெண்ணுக்கு அப்பா இல்லை. அவள் அம்மா போனில், "நான் அந்த நேரத்துல அடுப்படியில நின்னுக்கிறேன்க்கா, நீங்க நல்லா எடுத்துக் குடுங்க" என்றாள்.

பட்டுச்சேலை கட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நில், நீ நிற்காமல் நான் பட்டனை அமுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

போயிட்டு வாங்கண்ணே. எனக்கு நாளைக்கு வெள்ளெனவே வேலை இருக்கு.