எறும்பு குடியேறிய கேமரா டப்பா

நான் மூடியைக் கழற்றியதும் வெள்ளை முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு எறும்புகள் நாலா பக்கமும் ஓடின. கேமராக்கள் பிடிப்பதையெல்லாம் பதிவு செய்யும் ரெக்கார்டர் டப்பா அது. இரவும் பகலும் நிற்காமல் ஓடுவதால் உள்ளே எப்போதும் இளஞ்சூடு இருக்கும். மழைக்கு ஒதுங்க அதைவிட நல்ல இடம் எந்த எறும்புக்குக் கிடைக்கப்போகிறது? போர்டின் மேலே மண்ணும் முட்டையுமாக அப்பிக் கிடந்தது. பக்கத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்ற நங்கை எட்டிப் பார்த்தார். "பாத்துக்க அம்மிணி. ஒரு குடும்பமே குடி வந்திருக்குது. ஆனா கேமராவ ஆஃப் பண்ணுனது நானாம்" என்றார்.

கணவரின் அக்காவை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். எனக்கு நங்கை என்றால் அவர் ஒருவர்தான். திருச்செங்கோட்டிலிருந்து சங்ககிரி போகும் வழியில், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே தோட்டத்து வீடு. அவருடைய வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்ப மாட்டார். மகள் கல்யாணமாகிக் கெங்கவல்லிப் பக்கம் போய்விட்டாள். வீட்டில் மிச்சம் நங்கையும் ஜிம்மி என்ற நாயும்தான். அந்த நாயைக்கூட அண்ணன்தான் ஏதோ ஒரு ஊரில் போர் போட்ட இடத்தில் குட்டியாகக் கண்டெடுத்து வண்டியிலேயே கொண்டுவந்தார்.

எங்கள் ஊரில் ரிக் வண்டி கிளம்புவதற்கு முன்பு பூஜை போடுகிறார்களோ இல்லையோ, வீட்டுக்குக் கேமரா போட்டுவிடுவார்கள். என் கணவரும் நானும் நடத்தும் கடை அதை வைத்துத்தான் பிழைக்கிறது. அவர் ஏணி ஏறி மாட்டுவார், பழுதானதை நான் கடையில் பிரித்துப் பார்ப்பேன். காட்டுக்குள் தனி வீடு, கழுத்தில் நகையோடு ஒற்றைப் பெண், கேமரா வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாசலுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, பின்கட்டுக்கு ஒன்று என்று மாட்டி முடித்த பிறகு, "அப்படியே ஊட்டுக்குள்ள ஒண்ணு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். கூடத்தின் மூலையில் அடுப்படி வாசல் தெரிகிற மாதிரி அதையும் மாட்டுவோம். நங்கை வீட்டிலும் அப்படித்தான், வெளியே மூன்று, உள்ளே ஒன்று. எந்தத் திருடன் அடுப்படியில் நின்று ரசம் தாளிக்கப் போகிறான் என்று நான் கேட்டிருக்கிறேன். என் கணவர், "மாட்டச் சொன்னா மாட்டிட்டு வரணும்" என்று முடித்துவிடுவார். எனக்கு அப்போதும் பற்றிக்கொண்டு வரும், இப்போதும் வருகிறது.

அந்த மழைக்காலத்தில் நங்கை வீட்டுக் கேமரா அடிக்கடி நின்றுபோனது. டப்பாவை ஒருமுறை தட்டினால் ஓடும், பிறகு மறுபடியும் நிற்கும். வடக்கே இருந்த அண்ணனுக்குப் போனில் கறுப்புத் திரைதான் தெரிந்தது. அவர் நங்கையைக் கேட்கவில்லை, என் கணவரைக் கூப்பிட்டார். "உங்க அக்கா வேணும்னே நிறுத்துறா, போய் என்னன்னு பாரு" என்றார். அந்தப் பேச்சு கடையோடு நிற்கவில்லை. என் மாமியார் காதுக்குப் போய், அவர் நங்கையின் சம்பந்தி வீடு வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். இத்தனை வருஷம் தனி ஆளாகத் தோட்டத்தையும் மாட்டையும் கட்டிக் காத்த மனுஷியை, மகளின் மாமியார் போன் போட்டு, "ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா?" என்று விசாரித்தார். நங்கை என்னிடம் இதைச் சொல்லும்போது அழவில்லை. முகம் மட்டும் சிவந்து கிடந்தது.

எறும்புதான் காரணம் என்று நான் படம் பிடித்து அனுப்பியதும் அண்ணனின் கோபம் நாய் மேல் திரும்பியது. டிவி மேஜைக்கு அடியில்தான் ஜிம்மியின் பால்சோற்றுத் தட்டு இருந்தது, அதற்கு வந்த எறும்புதான் மேலே இருந்த டப்பாவில் ஏறியிருக்கிறது. "மருந்துப் பொடியைச் சுத்தித் தூவிப்போடு" என்றார். நாய் நக்கிவிடுமே என்று நங்கை சொன்னதற்கு, "நக்கிச் செத்தா வேற நாய் கொண்டாறேன்" என்று பதில் வந்தது. நங்கை போனை வைத்துவிட்டார். முன்பு வளர்த்த நாய் அந்த மாதிரிப் பொடியில் புரண்டு, காலை நக்கி, வாயில் நுரை தள்ளி, அவர் மடியிலேயே போனது. எனக்கு அது தெரியும், அண்ணனுக்கும் தெரியும். "என்ற ஊட்டுக்குள்ள அந்தப் பொடி வராது. டப்பாவும் நிக்காது. ரெண்டையும் பண்ணிக் காட்டறேன், பொறவு பேசிக்கறேன்" என்றார் நங்கை.

முதலில் அவர் செய்தது எங்கள் வீடுகளில் எல்லோரும் செய்வதுதான். நெய்யும் நாட்டுச்சர்க்கரையும் வைக்கிற அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவோமே, அதே மாதிரி ஓர் இரும்பு ஸ்டூலின் நாலு காலையும் கிண்ணத்தில் நிறுத்தி, அதன் மேல் டப்பாவை வைத்தார். பார்க்கக் கோட்டையும் அகழியுமாக இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஜிம்மி கிண்ணங்களைக் காலி செய்துவிட்டது. மறுபடி ஊற்றி வைத்தால் எறும்பு அகழியைச் சீண்டவே இல்லை. சுவரிலிருந்து தொங்கிய ஒயர்களில் வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தது. நெய்ச்சட்டிக்கு ஒயர் கிடையாது என்பது நங்கைக்கும் தோன்றவில்லை, பக்கத்திலேயே நின்ற எனக்கும் தோன்றவில்லை. ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு இருவரும் சிரித்தோம். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

பிறகு சேர்ந்தே யோசித்தோம். மின்சாரத்தை நிறுத்தி, காய்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் போர்டைத் தட்டிச் சுத்தம் செய்தேன். காற்று போகும் ஓட்டைகளின் மேல் கொசுவலையை ஒற்றை மடிப்பாக ஒட்டினோம், அடைத்துவிட்டால் சூட்டிலேயே கெட்டுப்போகும். ஒயர்கள் ஒவ்வொன்றிலும் விளக்கெண்ணெயில் நனைத்துப் பிழிந்த துணிநாடாவைச் சுற்றினார் நங்கை. அந்தப் பிசுக்கில் எறும்பு கால் வைக்காது. "இதை நாய் நக்குனா?" என்று கேட்டேன். "வயிறு கழியும். உசுரு போகாது" என்றார். எறும்பு வந்த தடத்தைச் சோப்புத் தண்ணீரால் துடைத்தார். ஜிம்மியின் தட்டை வாசலுக்கு மாற்றி, தின்று முடித்த கையோடு கழுவினார். எண்ணெய் காயக் காய நாடாவை மாற்றினார். அக்கம்பக்கத்தில் சிலர், இத்தனை பாடுபடுவதற்கு ஒரு சிட்டிகை மருந்து வைத்துவிட்டுப் போகலாமே என்றார்கள். அவர்கள் மடியில் எந்த நாயும் நுரை தள்ளவில்லை.

டப்பா நிற்காமல் ஓடியது. அடைமழை பெய்து ஓய்ந்தது, அப்போதும் நிற்கவில்லை. ஒரு சாயங்காலம் சரிபார்க்கப் போயிருந்தேன். அண்ணன் கூப்பிட, நங்கை போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இப்பப் பளிச்சுன்னு தெரியுது புள்ள. மருந்து வெச்சதும் சரியாயிருச்சு பாரு."

"மருந்து வெக்கலீங்க. ஜிம்மி அடுப்படி வாசல்லதான் படுத்திருக்குது, பாத்துக்குங்க. நாலு கேமராவும் நல்லாத் தெரியுதுங்களா?"

"தெரியுது."

"எறும்பு கிறும்பு ஒண்ணும் இல்லீங்களே?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பச் சரிங்க" என்று போனை என் கையில் கொடுத்தார். அந்த இரும்பு ஸ்டூலைக் கூடத்து மூலைக்கு இழுத்துப் போட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார். உள் கேமராவின் ஒயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார்.

"ஏ புள்ள, உள்ள இருக்கறது மறுபடி போயிருச்சு. எறும்பா?"

"எறும்பு இல்லீங்க" என்றார் நங்கை, ஸ்டூலின் மேல் நின்றபடியே. "இது நான். வெளிய இருக்கற மூணும் திருடனுக்கு, அது ஓடட்டும். ஊட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னு தெரியணும்னா என்னைக் கேளுங்க, சொல்றேன்."

அதன் பிறகு அண்ணன் எத்தனையோ முறை வந்து போய்விட்டார். ஜிம்மிக்கு மூஞ்சி நரைத்துவிட்டது. கடைக்கு யாராவது எறும்பு ஏறிய டப்பாவைத் தூக்கி வந்தால், வீட்டில் நாய் பூனை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நான் பதில் சொல்கிறேன். உள்ளே ஒன்று மாட்டச் சொல்கிறவர்களிடம், வீட்டில் இருக்கிற அம்மா சம்மதித்தார்களா என்று கேட்கிறேன். இதனால் சிலர் வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். என் கணவரின் போனில் நங்கை வீட்டைத் திறந்தால் மூன்று கட்டத்தில் படம் ஓடும், நாலாவது கட்டம் கறுப்பாகவே இருக்கும். அதைச் சரிசெய்யச் சொல்லி அண்ணன் இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் போகமாட்டேன்.