தடித்த அடி வெட்ஜ்

மழையில்லாமல் நுவரெலியா கோல்ஃப் மைதானம் இறுகிக் கிடந்தது. குழிக்கு முப்பது அடிதான். ஓய்வுபெற்றபின் ஆட்டத்தைப் புத்தகத்தில் கற்ற நான், கிட்டத்திலிருந்து பந்தைத் தூக்கி அடிக்க உதவும் வெட்ஜ் மட்டையில் அடிப்பாகம் தடித்ததைக் கேட்டேன்.

“காஞ்ச தரையில அது எகிறுங்க ஐயா. அடி மெலிசானத எடுங்க,” என்றார் என் மட்டைப் பையைச் சுமந்த முருகையா.

“புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாததா?” என்றேன்.

மட்டை தரையில் மோதித் துள்ளியது. பந்து பறந்து, குழிக்கு அப்பால் நின்ற கிளப் செயலாளரின் முழங்காலில் பட்டது.

“இந்த மட்டைய யாரு எடுத்துக் குடுத்தது?” என்றார் அவர்.

தவறான மட்டை கொடுப்பவருக்கு ஒரு வாரம் வேலை கிடையாது. அந்த விதி எனக்கு மனப்பாடம். குனிந்து மட்டையைத் துடைக்கத் தொடங்கினேன்.

“நான்தாங்க,” என்றார் முருகையா. பிறகு என்னிடம், “நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேங்க,” என்றார்.

மறுநாள் செயலாளரிடம் உண்மையைச் சொல்லி, முருகையாவை மறுபடி வேலைக்கு அழைக்க வைத்தேன். இப்போதும் அவர்தான் வருகிறார். எதை எடுக்கலாம் என்று கேட்டால், பையை என் பக்கம் திருப்பி வைத்து, “ஐயா இஷ்டங்க,” என்கிறார்.