நெதெல்கா அக்காவும் முப்பத்தெட்டு மாமியாரும்

"மஞ்சள்ல மட்டும் கை வை. நீலத்துல வச்சே, கரண்டியத் தூக்கிட்டு வந்துடுவேன்!"

கம்ப்யூட்டரப் பாத்துத்தான் இந்த மிரட்டல். காலைல நான் ரொட்டிப் பெட்டியத் தூக்கிக்கிட்டு வாசகசாலைக்குள்ள நுழையிறப்பல்லாம் நெதெல்கா அக்கா இப்படித்தான் கத்திக்கிட்டு இருப்பாங்க. அந்தக் குரலுக்கு எதிர் மலைல மேயுற ஆடு நாலு, தலையத் தூக்கிப் பாத்துட்டு மறுபடி மேயும்.

எங்க தோல்னா ரேகா ஊரு வாசகசாலைக்கு அக்காதான் செக்ரட்டரி. புத்தகம் கொடுக்குறதும் அவங்கதான், அடுப்புல விறகு போடுறதும் அவங்கதான். ஊர்ல ஒழுங்கா ஓடுற ஒரே கம்ப்யூட்டர் அங்க இருக்கிறதால ஊர்க் கடுதாசி மொத்தமும் அவங்க தலைல. ஓநாய் ஆட்டத் தூக்கிட்டுப் போச்சு, தெருவிளக்கு எரியல, செத்தவங்களுக்கு நாப்பதாம் நாள் கதவுல ஒட்டுற நோட்டீசு, எல்லாம் அக்காதான். இப்ப ரெண்டு வருசமா ஏஐகிட்டச் சொல்லி எழுத வைக்கிறாங்க. அதுக்கு அக்கா வச்ச பேரு மருமக.

"ஏங்க்கா மருமக?"

"சொன்னதச் செய்வா. சொல்லாததையும் சேத்துச் செய்வா. வேற என்ன பேரு வைக்க?"

மருமகள அடக்குறதுக்கு அக்கா பண்ணி வச்சிருக்கிறதுதான் அச்சு. படிச்சவங்க டெம்ப்ளேட்டுங்கிறாங்க. எனக்கு அது ரொட்டித் தகரம்தான். தகரம் ஒண்ணு, மாவு தினம் வேற. யாருக்குக் கடுதாசி, எந்தச் சட்டம், கடைசில கும்பிடு, இதெல்லாம் நீலம், மாறவே கூடாது. பேரு, ஊரு, குறை எல்லாம் மஞ்சள். ஆளுக்கு ஆள் மாறும். ஒரு தடவ மண்டைய ஒடச்சு அச்சு பண்ணிட்டா ஆயுசுக்கும் ஊத்தி எடுக்கலாம். எழுபத்தாறு அச்சு வச்சிருக்காங்க. சேவல் விடியுமுன்ன கூவுதுங்கிற புகாருக்கு மட்டும் ரெண்டு: பக்கத்து வீட்டுச் சேவலுக்கு ஒண்ணு, சொந்தக்காரங்க சேவலுக்குக் கொஞ்சம் மரியாதையா ஒண்ணு.

அச்சு பண்ற அன்னிக்கு அக்காகிட்டப் பேச முடியாது. கண்ணாடிக்கு மேல இன்னொரு கண்ணாடி. காப்பி ஆறி, அதுல ஈ விழுந்து, ஈயும் ஆறிப் போயிருக்கும்.

இந்த இலையுதிர் காலத்துல மாவட்ட ஆபீசுலேர்ந்து ஒரு தாள் வந்துச்சு. செவ்வாக்கிழமைல வர்ற டாக்டரம்மா யோர்தானோவாவ இனி அனுப்ப மாட்டாங்களாம். வேணும்னா வீட்டுக்கு ஒரு கடுதாசி, அவங்கவங்க காரணத்த எழுதி அனுப்பணுமாம், அப்புறம் யோசிப்பாங்களாம். டாக்டரம்மா இல்லைன்னா மலை தாண்டி முப்பது கிலோமீட்டர் போகணும். ஜனவரிப் பனில அந்த ரோட்டுல, வழுக்காம இருக்க வண்டிச் சக்கரத்துக்குக் கட்டுற மாதிரி, ஓநாயே கால்ல சங்கிலி கட்டிக்கிட்டுத்தான் நடக்கும்.

ஊரே வாசகசாலைல கூடுச்சு. முப்பத்தெட்டு வீடு. "காரணத்தச் சொல்லுங்க"ன்னாங்க அக்கா. யாருக்கு மூலம், யாருக்கு மூச்சிரைப்புன்னு ஊருக்கே தெரியும், அத எதுக்கு வாயால சொல்லிக்கிட்டு? "நீயே எழுது நெதெல்கா"ன்னு குளிர்காலத்துக்கு மிளகா சுட்டு வைக்கப் போயிட்டாங்க. அக்காவுக்கும் அது ஞாயமாத்தான் பட்டுச்சு. அச்சு ஒண்ணு பண்ணாங்க. மஞ்சள் எடத்துல, மருமகளுக்குப் பாணி புரியட்டும்னு மாதிரிக்கு ஒரு வரி போட்டாங்க: என் மாமியாருக்கு இடது முழங்கால் வீங்கி, படி இறங்க முடியல. முப்பத்தெட்டு பேரு பேரையும் கொடுத்தாங்க. நீங்க மூக்கச் சிந்துறதுக்குள்ள முப்பத்தெட்டு கடுதாசி. மொதல் கடுதாசிய வாசிச்சாங்க, கண்ணுல தண்ணி வர்ற மாதிரி இருந்துச்சு. மிச்சத்த யாரு வாசிக்கிறா? அக்கா எழுதுனதாச்சேன்னு ஊரும் வாசிக்காம கையெழுத்துப் போட்டுச்சு.

கட்டு மாவட்ட ஆபீசுக்குப் போச்சு. புதன்கிழமை அங்கேர்ந்து அதிகாரி பெஞ்செவ் கூப்பிட்டாரு. அக்காவ ரொட்டி வண்டில ஏத்திட்டுப் போனேன். மேசை மேல கடுதாசிக் கட்டு.

"அம்மா, உங்க ஊர்ல முப்பத்தெட்டு மாமியாருக்கும் இடது முழங்கால்தான் வீங்கியிருக்கு. ஒரு கடுதாசில பூசணி மாதிரி வீக்கம், ஒண்ணுல பந்து மாதிரி, இன்னொண்ணுல பானை மாதிரி. வலது முழங்கால்ல எவளுக்குமே ஒண்ணுமில்லையா?"

நான் சிரிப்ப அடக்கி அடக்கி வயித்த வலிச்சுப் போச்சு.

"இந்த ஆட்டுக்கார ராங்கெலுக்குக் கல்யாணமே ஆகல. மாமியார் மட்டும் எங்கேர்ந்து வந்தா?" அப்புறம் கிண்டல விட்டுட்டாரு. "இத மோசடின்னு எழுதி ஃபைல மூடிடலாம். ஊருக்கு டாக்டரே கிடையாதுன்னு ஆயிடும்."

அக்கா மூஞ்சி தயிர் மாதிரி வெளுத்துப் போச்சு. "தப்பு என்னுது சார். மெஷின் மேல பழி போட மாட்டேன். மாதிரி வரிய மஞ்சள்லயே விட்டது நான். அவ அத நெசம்னு எடுத்துக்கிட்டா. வாசிக்காம அனுப்புனதும் நான்தான். எங்க ஊரு பொய் சொல்லல. நான்தான் அவங்களக் கேக்கல."

பெஞ்செவ் பேனாவ ரெண்டு தடவ மூடித் தொறந்தாரு. "புதுசா எழுதிக் கொண்டாங்க. வெள்ளிக்கிழமை மத்தியானம் பன்னெண்டு. ஒரு நிமிசம் தாண்டக் கூடாது."

வந்ததும் அக்கா அந்த அச்சப் பிரிச்சுப் போட்டாங்க. மாதிரி வரியத் தூக்கித் தனித் தாள்ல வச்சு, மேல எழுதுனாங்க: இது பாணிக்கு மட்டும், இதுலேர்ந்து ஒரு வார்த்த கூடக் கடுதாசிக்குப் போகக் கூடாது. மஞ்சள் எடத்தக் காலியா விட்டாங்க. அதுக்குக் கீழ: தெரியலைன்னா கற்பனை பண்ணாத, என்னைக் கேளு. அப்புறம் சோதனைக்கு ராங்கெல் பேர மட்டும் கொடுத்துப் பாத்தாங்க. மருமக கடுதாசியே எழுதல. நாலு கேள்வி கேட்டுச்சு.

"டேய் கோஸ்தா! கேக்குறாடா! பாரேன், கேக்குறா!" அக்கா என்னைப் பாத்துப் போட்ட சத்தத்துல அலமாரிலேர்ந்து ஒரு புத்தகம் விழுந்துச்சு.

அந்தக் கேள்விய எடுத்துக்கிட்டு வியாழக்கிழமை வீடு வீடாப் போனோம். ரொட்டியோட கேள்வியும் எறக்குனோம். ஸ்லாவ்கா பெரியம்மா அரை மணி நேரம் வானிலை பேசிட்டு, கடைசில மெதுவாச் சொன்னாங்க: "டாக்டரம்மா பிரஷர் பாக்க என் கையப் பிடிப்பா இல்ல, அதுக்குத்தான் போறேன். வேற யாரு பிடிக்கிறா?" அக்கா அத அப்படியே எழுதிக்கிட்டாங்க, ஒரு வார்த்த மாத்தல.

வெள்ளிக்கிழமை காலைல முப்பத்தேழு ஆச்சு. ராங்கெல் மட்டும் பாக்கி.

"எனக்கு ஒரு நோயுமில்ல, போ"ன்னு ஆட்டுப் பட்டிக்குள்ளயே நின்னாரு.

மணி பத்து. மலை தாண்ட ஒரு மணி நேரம் வேணும். நான் அக்கா காதுல சொன்னேன்: "நெஞ்சு வலின்னு போடுக்கா. யாரு பாக்கப் போறா?"

"ஒரு தடவ போட்டதுக்கே முப்பத்தெட்டு மாமியார் வந்தாளுங்க. வாய மூடு."

அக்கா வேலி மேல சாஞ்சு நின்னாங்க. நான் வண்டிச் சாவியச் சுத்திக்கிட்டே இருந்தேன். ராங்கெல் ஒரு ஆட்டக் கறந்தாரு. ரெண்டாவதையும் கறந்தாரு. மூணாவது ஆட்டு மடில கைய வச்சவரு, எங்களப் பாக்காமலே சொன்னாரு:

"எனக்கு எழுத்து தெரியாது நெதெல்கா. டாக்டரம்மா மாத்திரப் பெட்டில காலைக்குச் சூரியன், ராவுக்கு நிலா வரைஞ்சு கொடுக்கும். டவுன்ல யாரு வரைவா?"

அறுபது வருசமாப் பக்கத்து வீடு. அக்காவுக்கு அது தெரியாது.

பதினொண்ணு அம்பத்தி மூணுக்கு பெஞ்செவ் மேசைல கட்ட வச்சோம். எங்க வண்டி அந்த மலைல ஓடுனத ஓட்டம்னு சொல்லக் கூடாது, உருண்டுச்சு. அவரு நின்னுக்கிட்டே மொதல் கடுதாசிய எடுத்தாரு. ரெண்டாவத உக்காந்து படிச்சாரு. அப்புறம் காப்பிக்குக் கூப்பிட வந்தவங்கள "போங்க, வர்றேன்"னு அனுப்பிட்டாரு. மூணு வாரங் கழிச்சுத் தாள் வந்துச்சு: செவ்வாக்கிழமை டாக்டரம்மா தொடர்ந்து வருவாங்க.

சேதி மலைக்கு அந்தப் பக்கமும் போயிடுச்சு. போன வாரம் அங்கேர்ந்து வெலிச்கான்னு ஒரு அம்மா வந்தாங்க. அவங்க ஊரு போஸ்ட் ஆபீச மூடுறாங்களாம். "அந்த அச்ச எனக்குக் கொடு, நான் பேர மட்டும் போட்டுக்கிறேன்"னாங்க. அக்கா அடுப்புப் பக்கம் நாற்காலி இழுத்துப் போட்டு உக்கார வச்சாங்க. அச்சத் தொறந்தாங்க. "போஸ்ட் ஆபீசுல உங்களுக்கு என்ன வேலை?"ன்னு கேட்டாங்க. அந்தம்மா தரையப் பாத்தாங்க, அடுப்பப் பாத்தாங்க, கையில இருந்த பையத் திருகுனாங்க.

அக்கா கீபோர்டுலேர்ந்து ரெண்டு கையையும் எடுத்தாங்க. மடில வச்சுக்கிட்டு, நாற்காலிய அந்தம்மா பக்கம் திருப்பி உக்காந்தாங்க, அன்னிக்கு ராங்கெல் வேலில சாஞ்சு நின்ன மாதிரியே.