ஒலிக்க மறுத்த தொலைபேசியும் எங்கள் மேலாளரும்

எங்கள் மேலாளரை நினைக்கும்போதெல்லாம், ஒலிக்காத ஒரு தொலைபேசியின் முன்னால் கைகளைக் கட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த காட்சியே முதலில் எழுகிறது. இணையத்தின் வழியாகப் பேசும் ஐ.பி. போன் அது; எங்கள் அலுவலகத்துக்கு வந்த முதல் தொலைபேசி. அதன் சிறு திரையில் ‘ரிஜிஸ்டர் ஃபெயில்டு’ என்ற இரண்டு சொற்கள் அசையாமல் நின்றன. எண் வழங்கிய நிறுவனத்தின் சர்வரில் அந்தக் கருவி தன்னைப் பதிந்துகொண்டால்தான் அழைப்பு வரும். மேலாளர் அதைக் கோபமாகப் பார்க்கவில்லை. பேசத் தயங்கும் ஒருவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருப்பவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜவ்வாது மலையில் சாமை விளைவிக்கும் பெண்கள் சேர்ந்து நடத்திய சங்கம் அது. நான் அங்கே கணக்கு வேலையில் இருந்தேன். மேலாளர் வாணியம்பாடிக்காரர், தோல் வியாபாரக் குடும்பத்துப் பெண். வீட்டில் உருது பேசிப் பழகிய நாக்கு, மலைப் பெண்களிடம் பேசுகையில் ஒவ்வொரு சொல்லையும் எடை பார்த்தே வெளியே விடும். அவர் அதட்டி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் சொன்ன ஒன்றை மறுப்பது எல்லோருக்கும் கடினமாக இருந்தது.

அந்த ஆண்டு அறுவடையானதும் அவர் பெண்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார். வழக்கமாக வரும் வியாபாரிக்குச் சாமையைக் கொடுக்காமல் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். சமவெளியில் ஒரு நிறுவனம் நல்ல விலைக்கு நேரடியாக வாங்கத் தயாராக இருக்கிறது. அந்த நிறுவனத்தார் விதித்தது ஒரே நிபந்தனைதான். மலைக்காரர்களின் கைபேசிக்கு எப்போது அழைத்தாலும் கிடைப்பதில்லை. அலுவலகத்துக்கென்று ஒரு நிலையான எண் வேண்டும், அழைத்தால் எடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முற்பகல் அழைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வியாபாரியின் வண்டி சனிக்கிழமை வரும். நடுவில் இந்தப் போன் வாய் திறக்காவிட்டால் மூட்டைகள் அந்த வண்டியில்தான் ஏறும், வியாபாரி சொல்லும் விலைக்கு. மேலாளரின் பேச்சை நம்பிக் காத்திருந்த பெண்கள் இன்னொரு முறை அவரை நம்ப மாட்டார்கள்.

சென்னையிலிருந்து ஒரு பொறியாளர் கைபேசியில் வழிகாட்டினார். எங்கள் அலுவலகத்துக்குள் கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. வந்திருந்த இணையமும் கம்பியோடு சரி, வைஃபை கிடையாது. களத்தை ஒட்டிய பாறை மேல் ஏறினால்தான் பேச்சு கேட்கும். எனவே நான் பாறை மேல் கைபேசியோடு நிற்பேன். மேலாளர் உள்ளே போன் முன்னால் இருப்பார். இடையில் களம் நெடுகப் பெண்கள் நின்று, பொறியாளர் சொல்வதை உள்ளேயும் திரையில் தெரிவதை வெளியேயும் கடத்துவார்கள். கடத்தும்போது தங்கள் கருத்தையும் சேர்த்தே கடத்துவார்கள்.

“பாஸ்வேர்டு சரியா இருக்குதான்னு கேக்குறாரு.”

“நேத்தே சொன்னமே, சரியாத்தான் இருக்குதுன்னு. மறந்துட்டாரா?”

“அணைச்சுட்டுப் போடச் சொல்றாரு.”

“எத்தினி வாட்டிம்மா அணைக்கிறது? மாட்டு டாக்டர்கூட இத்தினி கேள்வி கேக்கமாட்டாரு.”

அணைக்கும் பொறுப்பு, சாமை அரைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அக்காவுடையது. ஒவ்வொரு முறையும் அவர் பயபக்தியோடு செய்தார். திரையில் மட்டும் அதே இரண்டு சொற்கள். எண், கடவுச்சொல், சர்வர் முகவரி எல்லாம் சரியாக இருப்பதாகவும், கருவியே பழுதாக இருக்கலாம் என்றும் பொறியாளர் சொல்லிவிட்டார். வேறு கருவி வர அடுத்த வாரம் ஆகும்.

வியாழக்கிழமை காலையில் மேலாளர் அந்த அக்காவை அழைத்தார். “அக்கா, தினம் எப்படி அணைச்சுப் போடுவீங்களோ அப்படியே செய்ங்க. நான் ஒண்ணும் பேசமாட்டேன், சும்மா பாக்குறேன்.”

அக்கா நேராகச் சுவரோரம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். விளக்கு, மின்விசிறி, கணினி, இணையப் பெட்டி, போன் எல்லாம் ஒன்றாக அடங்கின. மலையில் இடி இறங்கினால் சாதாரணமாக இராது. ஒருமுறை மின்னல் வெட்டி அரைவை இயந்திரத்தின் மோட்டார் கருகியதிலிருந்து, அணைப்பது என்றால் எங்களுக்கு மெயினை அணைப்பதுதான். தனித்தனிச் சுவிட்சை யாரும் நம்புவதில்லை. நானும் அதற்குள் பழகிப்போயிருந்ததால் அதில் எதுவும் எனக்கு விசேஷமாகப் படவில்லை.

சுவிட்ச் மேலே ஏறியதும் போன் உடனே விழித்துக்கொண்டது. மூலையிலிருந்த இணையப் பெட்டியோ வெகுநேரம் சிவப்பாகச் சிமிட்டியது. அது பச்சையாவதற்குள் போன் முயன்று, தோற்று, ஓய்ந்துவிட்டிருந்தது. மேலாளர் குனிந்து, அதுவரை நாங்கள் யாரும் படித்துச் சொல்லாத திரையின் மூலையைப் படித்தார். “இதுல வருஷம் ரொம்பப் பழசா இருக்குதே. பொறியாளர் தம்பிகிட்ட இதைச் சொல்லுங்க.”

நான் கைபேசியோடு பாறைக்கு ஓடினேன்; களம் நெடுக அந்தச் சேதி என் பின்னாலேயே வந்து சேர்ந்தது. நான் சொன்னதும் மறுமுனையில் பொறியாளர் சிரித்துவிட்டார். எழுந்தவுடன் அந்தப் போன் இணையத்திடம் தேதி கேட்குமாம். இணையம் வராவிட்டால் பழைய தேதியிலேயே நிற்கும். தேதி தவறானால், சர்வர் காட்டும் அடையாளச் சான்றிதழைச் செல்லாததென்று போன் ஏற்க மறுத்துவிடும். பெட்டி பச்சையான பிறகு போனை மட்டும் தனியாக அணைத்துப் போட்டால் போதும்.

அப்படியே போட்டார்கள். திரையில் எங்கள் எண் தோன்றியது. பாறையிலிருந்து நான் அழைத்துப் பார்த்தேன். உள்ளே மணி அடித்தது களத்தில் எல்லோருக்கும் கேட்டது.

மறுநாள் நிறுவனத்தார் அழைத்தபோது மேலாளர் பேசிய விதம் இன்றும் என் வியப்புக்குரியது. விலை முடிந்ததும் அவர் தானாகவே சொன்னார்: “இடி இடிச்சா இங்க எல்லாத்தையும் அணைச்சிடுவோம். அந்த நேரத்துல நீங்க கூப்பிட்டா கிடைக்காது. ஓய்ஞ்சதும் நாங்களே கூப்பிடுவோம்.” கைக்கு வந்ததை இவரே கெடுக்கிறாரே என்று நினைத்தேன். மறுமுனையில், அது போதும் என்றார்கள்.

இன்று அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். இணையப் பெட்டிக்கும் போனுக்கும் பேட்டரி வந்துவிட்டது, தேதி தவறுவதில்லை. வேலையில் ஏதேனும் பிசகினால், “யார் செய்தது?” என்ற கேள்விதான் எனக்கும் முதலில் நாவுக்கு வருகிறது. அதை விழுங்கக் கற்றது அந்த வெள்ளிக்கிழமையில்தான். பெண்கள் மூட்டை தைக்கப் போன பிறகு, அரைவை அக்கா மட்டும் வாசலில் தயங்கி நின்றார்.

“நான் மெயினை அணைச்சதுதான் கோளாறுன்னு நேத்து எல்லாரு முன்னாடியும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. சொல்லலியே நீங்க.”

மேலாளர் தலை நிமிராமல் பதில் சொன்னார். “சொல்லியிருக்கலாம். அப்புறம் இடி இடிச்சா மெயினை யாருக்கா தொடுவாங்க?”