அப்பா செய்த விறகு மெஷின்

விறகு பிளக்கும்போது அத்தையின் புருவத்தில் ஒரு சிராய் தெறித்து ரத்தம் வந்தது. காயம் அப்படியொன்றும் பெரிதில்லை. அத்தை அதில் மஞ்சளை அப்பிக்கொண்டு, மீதிக் கட்டைகளையும் பிளந்து போட்டுவிட்டுத்தான் கோடாரியைக் கீழே வைத்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து அப்பாவோடு பட்டறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். "என்னண்ணே, அக்காவயா வெறகு பொளக்க விடுறீங்க?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அப்பா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மெஷின் செய்யும் எண்ணம் அன்றைக்குத்தான் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவள். மாமா இறந்த பிறகு, பிள்ளைகள் இல்லாததால், ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மலாக்காவில் காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றே கொல்லையில் துருப்பிடித்துக் கிடந்த கோடாரியைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தாளாம். அதன் பிறகு விறகு விஷயத்தில் அம்மாவோ அப்பாவோ தலையிட்டதில்லை.

பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டித் துண்டு போட்டு லாரியில் கொண்டுவந்து வாசலில் கொட்டிவிட்டுப் போவார்கள். அத்தை ஒவ்வொரு துண்டையும் காலால் உருட்டிப் பார்ப்பாள். நிறுத்தி வைப்பாள். பிறகு ஒரே போடு. பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்று இருந்தது. எங்கள் சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் பேச்சு முழுக்க மலாய். அந்த வீட்டம்மாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, "அக்கா, தோலோங் பெலா சிக்கிட்" என்று சிரிப்பாள். கொஞ்சம் பிளந்து கொடு என்று அர்த்தம். அத்தைக்கு மலாய் அவ்வளவாக வராது. வேலியைத் தாண்டிப் போய்ப் பிளந்து கொடுத்துவிட்டு வருவாள். சாயங்காலம் ஒரு தட்டில் தேங்காய்ப்பூ தூவிய பலகாரம் வரும். தட்டை நேராக அத்தையின் கையில்தான் கொடுப்பார்கள். அவள் அதை எங்களுக்குப் பங்கு வைத்துவிட்டு, தனக்கு இனிப்பே பிடிக்காது என்பாள்.

ஊரெல்லாம் மெர்டேக்கா பேச்சாக இருந்த காலம் அது. காப்பிக் கடையிலும் கோயிலிலும் அதே பேச்சு. அப்பாவுக்கும் அந்த வேகம் பிடித்துக்கொண்டது. "நாடே சொதந்திரம் வாங்கப்போவுது. நம்ம வீட்டுல இன்னும் கோடாரியத் தூக்கிக்கிட்டு" என்பார், யாரும் ஒன்றும் கேட்காமலே.

பஸ் பட்டறையில் கழித்துப் போட்ட இரும்புகள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. அப்பாவின் சீன நண்பர் ஒருவர் அவற்றை வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தார். கொல்லையில் இரண்டு இரும்புக் கம்பங்களை சிமெண்டில் நட்டார்கள். கம்பங்களுக்கு நடுவே மேலும் கீழும் போய்வர ஒரு கனத்த இரும்புக் கட்டி. அதன் அடியில் ஆப்பு மாதிரி கூர்மையான ஓர் அலகு. உச்சியில் கப்பி, கப்பியில் கயிறு. கயிற்றை இழுத்தால் கட்டி மேலே போகும், விட்டால் கீழே நிற்கும் விறகின்மேல் விழும். அவ்வளவுதான் மெஷின். அப்பா அதற்குப் பச்சை பெயிண்ட் அடித்தார்.

முதல் நாள் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. அப்பா தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு கயிற்றை இழுத்து விட்டார். இரும்பு விழுந்தது. கட்டை பிளக்கவில்லை. முழுசாக எகிறிப் போய்க் கோழிக்கூட்டின்மேல் விழுந்தது. எங்கள் சேவல் இருட்டும் வரை வீடு திரும்பவில்லை. அப்பா மனம் தளரவில்லை. கட்டை நகராமல் பிடித்துக்கொள்ள அடியில் ஒரு வளையம் ஒட்டிக்கொண்டு வந்து, மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டார். இந்தத் தடவை சடக்கென்று ஒரு சத்தம், கட்டை இரண்டாகிக் கிடந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அத்தையைத் திரும்பிப் பார்த்தேன். அடுப்படி வாசலில் நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிக்கா?" என்றார் அப்பா.

"நல்லாருக்குப்பா" என்றாள் அத்தை.

அதன் பிறகு யார் வேண்டுமானாலும் விறகு பிளக்கலாம் என்று ஆகிவிட்டது. அம்மா பிளந்தாள். நான் கயிற்றில் தொங்கியே பிளந்தேன். பக்கத்து வீட்டுப் பையன்கள் தங்கள் கட்டைகளைத் தாங்களே தூக்கிக்கொண்டு வந்து பிளந்துபோனார்கள். பலகாரத் தட்டு வந்துகொண்டுதான் இருந்தது. இப்போது அது அப்பாவின் கைக்கு வந்தது. அத்தை கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள். கூட்டிய வாசலை மறுபடி கூட்டினாள்.

"அண்ணி, செத்த நேரம் ஒக்காருங்களேன்" என்று அம்மா அன்பாகத்தான் சொன்னாள்.

"ஒக்காந்து?" என்று கேட்டாள் அத்தை.

ஒரு நாள் காலையில் தகரப் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. தோட்டத்தில் பால் வெட்டுக்கு ஆள் போதவில்லையாம், போகிறேன் என்றாள். அப்பா பதறிப்போனார்.

"இங்க ஒனக்கு என்னக்கா கொறச்சல்?"

"ஒரு கொறச்சலும் இல்லப்பா. அதான் போறேன்."

மெஷின் போடும் சத்தம் பிடிக்காமல்தான் அத்தை போகிறாள் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

அவள் போன கொஞ்ச நாளிலேயே மெஷின் மக்கர் செய்யத் தொடங்கியது. ஒரு கம்பம் வளைந்து, இரும்பு கோணலாக இறங்கி சிமெண்டில் இடித்து, அலகு உடைந்தது. ஒட்டிக்கொண்டு வந்தால் திரும்பவும் உடைந்தது. அம்மா கோடாரியை எடுத்தாள். அவள் உள்ளங்கை கொப்பளித்துப் போனது. கொப்பளத்தைவிட அத்தை இல்லாததுதான் அம்மாவுக்குப் பெரிய குறையாக இருந்தது. அப்பாவோ வேலை விட்டு வந்ததும் அடுப்படியை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார், யாரோ அங்கே இருப்பதுபோல.

"மெஷின் ஒடஞ்சிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அண்ணி அடுத்த பஸ்ஸுலயே வந்துருவாங்க" என்று அம்மா சொல்லி அனுப்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பஸ்ஸில் போகும்போதே அதை எப்படிச் சொல்வது என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கம்யூனிஸ்டுகளுக்குப் பயந்து அவசரகாலத்தில் தோட்டத்து வாசலில் போட்ட முள்வேலி இன்னும் எடுக்கப்படாமல் இருந்தது. காவலுக்கு நின்றவர் அப்பாவின் பையைத் திறந்து பார்த்தார். அத்தையின் பெயரைச் சொன்னதும், "அக்கா ஊட்டுக்கா? நேரா போங்க" என்று வழிவிட்டார். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அவளுக்கென்று ஓர் அறை. வாசலில் மிளகாய்ச் செடி வைத்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

சார்டின் மீன் குழம்பு வைத்தாள். அதற்குள் ஒரு பெண் வந்து எட்டிப் பார்த்து, கங்காணியிடம் ஏதோ பேச வேண்டும், கூட வர முடியுமா என்று கேட்டாள். "தம்பி வந்துருக்கு. சாயந்திரம் வரேன், நீ பேசாத, நான் பேசிக்கிறேன்" என்று அத்தை சொல்லி அனுப்பினாள். பிறகு எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, தனக்கும் ஒரு தட்டில் போட்டுக்கொண்டு எங்களோடு உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் அவள் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு அடுப்படியில்தான் சாப்பிடுவாள். அவள் சாப்பிட்டு நான் பார்த்தது அன்றுதான். அப்பாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெஷின் எப்படி ஓடுது?" என்று அத்தையே கேட்டாள்.

நான் ஆவலாக அப்பாவைப் பார்த்தேன். அப்பா வாயில் இருந்த சோற்றை விழுங்கினார்.

"நல்லா ஓடுதுக்கா. இவ அம்மா ஒரு கையாலேயே இழுத்துர்றா."

"ஒடஞ்..." என்று நான் தொடங்குவதற்குள் அப்பாவின் இடது கை என் முழங்காலை அழுத்தியது. அத்தை சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு மீனை வைத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "ஏம்பா பொய் சொன்னீங்க?"

அப்பா ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாப்பாடு நல்லாருந்துச்சுல்ல?" என்றார்.

தான் செய்த மெஷின் உடைந்ததைச் சொல்ல அப்பாவுக்கு வெட்கம் என்றுதான் நினைத்தேன். உடைந்துவிட்டது என்று கேட்டிருந்தால் அத்தை கை கழுவிய ஈரத்தோடு பெட்டியை எடுத்துக்கொண்டு எங்கள் அடுப்படிக்கு வந்திருப்பாள். அது தெரிந்துதான் அப்பா சொல்லவில்லை என்பது எனக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அம்மாவிடம் ஒன்று விடாமல் போட்டுக்கொடுத்தேன். அம்மாவுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். பிறகு, "அண்ணி நல்லா சாப்புட்டாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.