அடுப்பு வாங்க என்று எழுதிய மனு

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை லிமெரிக் நகரத்துத் தபால் நிலையத்துக்கு எதிரே, மருந்துக்கடை வாசலில், ஸ்கல்லி என்பவள் கைப்பையோடு வந்து நிற்பாள். அவளுக்காகக் காத்திருப்பதுபோல் யாரும் நிற்கமாட்டார்கள். ஒருத்தி மருந்துக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பாள், ஒருத்தி தள்ளுவண்டியில் இருக்கும் குழந்தைக்கு இரண்டாம் தடவையாக மூக்கைத் துடைப்பாள். ஸ்கல்லி பையைத் திறந்து, ரப்பர் பேண்டு போட்ட கட்டிலிருந்து அவரவர் புத்தகத்தை உருவிக் கொடுப்பாள். அரசாங்கம் பிள்ளைகளுக்குத் தரும் படிப்பணத்தின் புத்தகம் அது. தாய்மார்கள் உள்ளே போய், முத்திரை குத்தி, பணத்தை வாங்கி வந்து, அவளுடைய பங்கையும் புத்தகத்தையும் அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

"கால் வலி எப்படி இருக்கு, கண்ணு?" என்று ஒவ்வொருத்தியையும் கேட்பாள் ஸ்கல்லி. அன்பாகத்தான் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடுகிறவளும் அவள்தான்.

டிம்ப்னா ஹானலனின் புத்தகம் இரண்டரை வருடமாக அந்தக் கட்டுக்குள் இருந்தது. 1983 கிறிஸ்துமசுக்குப் பத்து நாள் முன்பு பன்றிக்கறித் தொழிற்சாலை மூடியது. அவள் கணவன் கிறிஸ்டி கடைசிக் கூலியோடு வீட்டுக்கு வந்தான். மின்சாரக்காரன் மறுநாள் வந்தான். நான்கு பிள்ளைகள், இருட்டு வீடு, பண்டிகை. ஸ்கல்லி அந்தச் சாயங்காலமே வாசலில் நின்று, ஒரு தாளிலும் கையெழுத்துக் கேட்காமல், நூற்றிருபது பவுண்டை எண்ணி வைத்தாள். "உன் புத்தகம் என்கிட்ட இருக்கட்டும், அவ்வளவுதான்" என்றாள்.

அவ்வளவுதான் இல்லை என்று டிம்ப்னாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. மாதம் அறுபது பவுண்டு படியில் முப்பது ஸ்கல்லிக்கு. இருபத்தொன்பது மாதம் கொடுத்தாயிற்று, எண்ணூற்று எழுபது பவுண்டு. பாக்கி எவ்வளவு என்று கேட்டால் நூற்று நாற்பது என்கிறாள். வாங்கியதைவிட இருபது கூட. இந்தக் கணக்கை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களோ, அங்கே ஒரு தரம் போய்ப் பார்க்க வேண்டும். கிறிஸ்டிக்கு இதில் ஒரு வார்த்தையும் தெரியாது. படி முழுவதும் நிலக்கரிக்குப் போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். வேலை இல்லாமல் ஏற்கெனவே பாதியாகிவிட்ட மனுஷனிடம் இதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

பேட்டையில் கடன் சங்கம் இல்லாமல் இல்லை. மாதா கோவில் கூடத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், பேட்டைக்காரர்களே சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து நடத்துகிற சங்கம். நூற்றுக்கு மாதம் ஒரு பவுண்டு வட்டி, அதுவும் மீதி நிற்கிற தொகைக்கு மட்டும். ஆனால் கடன் மனுக்களைப் படிக்கிற மூன்று பேரில் ஒருத்தி கோரெட்டி. கிறிஸ்டியின் அண்ணன் ஃபிராங்கின் மனைவி. ஃபிராங்க் பேருந்து ஓட்டுகிறவன், நிலையான சம்பளம், இரண்டு பிள்ளைகள். கோரெட்டியின் ஜன்னல் திரைக்கு வாரா வாரம் கஞ்சி போடப்படும். டிம்ப்னா கல்யாணமாகி வந்த நாள்முதல் அந்தத் திரையைப் பார்த்தாலே அவளுக்கு முதுகு நிமிரும். பேட்டை முழுக்க இதே கதைதான்: சங்கத்தில் முகம் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்று வெட்கப்பட்டுக்கொண்டு ஸ்கல்லியிடம் போவார்கள். ஸ்கல்லியும் முகம் தெரிந்தவள்தானே என்று ஒருத்திக்கும் தோன்றாது.

பிப்ரவரிக் கடைசியில் ஸ்கல்லி சொன்னாள்: "ஜூன் முதல் செவ்வாய்க்குள்ள மொத்தமா அடைச்சிட்டா புக்கைக் கொடுத்திடறேன், கண்ணு. இல்லேன்னா வருஷக் கணக்குக்கு இன்னொரு நாப்பது ஏறும். நான் என்ன பண்ணட்டும், எனக்கும் மேல ஆள் இருக்கு."

அவளுக்கு மேலே யாரும் இல்லை என்பது பேட்டைக்கே தெரியும். டிம்ப்னா அன்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, துண்டை வாயில் வைத்து அழுதாள். அடுத்த வெள்ளிக்கிழமை கடன் சங்கத்தில் இரண்டு பவுண்டு போட்டுக் கணக்கு ஆரம்பித்தாள். பதின்மூன்று வாரம் சேமித்துக் காட்டினால்தான் கடன் கேட்கலாம் என்பது விதி. பள்ளிக்கூடத்தில் தரை துடைத்து வாங்கும் கூலியில் வாரம் இரண்டு பவுண்டு எடுப்பது சின்ன விஷயமில்லை. பேருந்தில் போவதை விட்டாள். மத்தியானச் சாப்பாட்டைத் தேநீராக்கிக்கொண்டாள். பதின்மூன்றாவது வாரம் மனுத் தாள் கைக்கு வந்தது.

பெயர், முகவரி, பிள்ளைகள் எத்தனை, வேறு கடன் உண்டா, எதற்காகக் கடன்.

அந்தக் கடைசி இரண்டு வரிகளுக்கு வந்ததும் பேனா நின்றது. கோரெட்டி இதைப் படிப்பாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, மற்ற இருவருக்கும் கேட்கும்படி படிப்பாள். டிம்ப்னா 'வேறு கடன் இல்லை' என்று எழுதினாள். எதற்காக என்ற இடத்தில் 'எரிவாயு அடுப்பு வாங்க' என்று எழுதி, அழகாகக் கையெழுத்தும் போட்டாள். பொய்தான். ஆனால் அவளுடைய பழைய அடுப்பில் ஒரு பக்கம் எரிவதில்லை என்பது உண்மை. அந்தப் பாதி உண்மையில் அவள் மனசைச் சமாதானம் செய்துகொண்டாள்.

வியாழக்கிழமை மூவரும் கூடினார்கள். வெள்ளிக்கிழமை வரிசையில் டிம்ப்னாவின் முறை வந்ததும், மேஜைக்குப் பின்னால் இருந்த கோரெட்டி முகமெல்லாம் சிரிப்பாக ஒரு காசோலையை நீட்டினாள்.

"பாஸ் ஆயிடுச்சுடி. நூத்தி நாப்பது. அது மட்டுமில்ல, நானே கிரெமின் கடைக்குப் போய்ப் பேசினேன். நூத்தம்பது பவுண்டு அடுப்பை நூத்தி நாப்பதுக்கே தர்றான். செவ்வாய்க்கிழமை காலைல வண்டியில கொண்டு வந்து மாட்டிக் கொடுப்பான்."

டிம்ப்னா காசோலையைப் பார்த்தாள். அதில் அவள் பெயர் இல்லை. கிரெமின் மின்சாதனக் கடை என்று இருந்தது.

"இது... என் பேர்ல இல்லையே."

"சாமான் வாங்கற கடனுக்குக் கடை பேர்லதான் தருவோம். இல்லேன்னா பாதிப் பேர் வீட்டுக்காரன் அதைக் கொண்டுபோய்க் குதிரை மேல கட்டிடுவான்," என்றாள் கோரெட்டி. சொல்லிவிட்டு ஏனோ மேஜையைப் பார்த்தாள். "ஏன், நிறம் வேற வேணுமா? வெள்ளைதான் சொல்லியிருக்கேன்."

"வெள்ளையே போதும்," என்று டிம்ப்னா சொன்னாள். வேறு என்ன சொல்ல முடியும்? பின்னால் பதினைந்து பேர் நிற்கிறார்கள்.

வெளியே மழை. காசோலையை உள்சட்டைக்குள் செருகிக்கொண்டு நடந்தாள். நூற்று நாற்பது பவுண்டு நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஸ்கல்லியிடம் கொடுக்க ஒரு காசு இல்லை. சங்கத்துக்கு இனி வாரா வாரம் தவணை கட்ட வேண்டும், ஸ்கல்லிக்கு முப்பதும் போகும், மேலே நாற்பது ஏறும். தன் கையாலேயே தனக்கு இரண்டாவது சுருக்குப் போட்டுக்கொண்டாயிற்று. அடுப்பை வாங்கி உடனே விற்றுவிடலாமா என்றுகூட யோசித்தாள். யார் வாங்குவார்கள்? ஸ்கல்லி வாங்குவாள், அறுபதுக்கு.

சனிக்கிழமை முழுவதும் அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. புது அடுப்பு வரப்போகிறது என்று கோரெட்டி வாய்வழியாகக் கேட்ட பிள்ளைகள் கேக் கேட்டன. கிறிஸ்டி பழைய அடுப்பை நகர்த்தி, பின்னால் இருந்த அழுக்கைச் சுரண்டிச் சுத்தம் செய்து வைத்தான். பல மாதங்களுக்குப் பிறகு அவன் சீட்டியடித்துக்கொண்டு ஒரு வேலை செய்தான். அதைப் பார்க்க மாட்டாமல் அவள் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேராகக் கோரெட்டி வீட்டுப் பின்கதவைத் தட்டினாள். கோரெட்டி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஃபிராங்க் பந்தயச் செய்தி கேட்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தான். டிம்ப்னா உட்காரவில்லை. காசோலையை மேஜைமேல் வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

கோரெட்டி கத்தியைக் கீழே வைத்தாள். "மனுவுல பொய் எழுதினியா?"

"எழுதினேன்."

"என்கிட்டயே?"

"உன்கிட்டங்கறதாலதான் எழுதினேன். நீ படிப்பேன்னு தெரியும். இன்னிக்கும் சொல்லியிருக்க மாட்டேன், வேற வழியில்ல."

கோரெட்டி திட்டுவாள் என்று டிம்ப்னா எதிர்பார்த்தாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"அவ கட்டுல எத்தனை புக் இருக்கும்?"

"இருபது இருக்கும். நான் எண்ணல. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்." கோரெட்டி எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு விடுமுறை. ஆனா மனு படிக்கற மத்த ரெண்டு பேரையும், லேசியையும் மோரனையும், நான் வரச் சொல்றேன். அடுப்பு வேணாம்னு கடைக்காரன்கிட்டயும் சொல்லிடறேன். புதுசா மனுப் பாரம் எழுதிக் கொண்டா. இந்தத் தடவை உள்ளதை எழுது. படிக்கறப்ப நீ தாழ்வாரத்துல நிக்கணும், அது விதி."

திங்கட்கிழமை டிம்ப்னா கோவில் கூடத்துத் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். உள்ளே அவள் மானம் வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஒரு நாற்காலி நகர்ந்தது, யாரோ தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார்கள். கதவைத் திறந்துகொண்டு வந்த லேசி, ஓய்வுபெற்ற ரயில்வே கணக்கர், அவள் முகத்தைப் பார்க்காமல் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணி அவள் கையில் வைத்தார்.

"அந்த ஸ்கல்லி அம்மாகிட்ட ஒரு ரசீது எழுதி வாங்கும்மா," என்றார். "தரமாட்டா. ஆனாலும் கேளு."

அவ்வளவுதான் நடந்தது. இரண்டரை வருடமாக அவள் பயந்தது இந்தப் பத்து நிமிடத்துக்குத்தான். வீட்டுக்குப் போனதும் கிறிஸ்டியிடமும் சொன்னாள். அவன் கத்தவில்லை. சுத்தம் செய்து வைத்த தரைமேல் பழைய அடுப்பைத் திரும்பத் தள்ளி வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மருந்துக்கடை வாசலில் ஸ்கல்லி நோட்டுகளை விரலில் எச்சில் தொட்டு எண்ணினாள். ரசீது என்றதும் சிரித்தாள்.

"நமக்குள்ள எதுக்கு கண்ணு ரசீதெல்லாம்? ஆகஸ்ட்ல பள்ளிக்கூடச் சட்டை வாங்க வருவ பாரு, அப்பப் பேசிக்கலாம்."

"வரமாட்டேன்," என்றாள் டிம்ப்னா.

ஸ்கல்லி ரப்பர் பேண்டைக் கழற்றினாள். அன்றைக்குக் காற்று பலமாக அடித்தது. டிம்ப்னாவின் புத்தகத்தை உருவும்போது கட்டு சரிந்து, மூன்று நான்கு புத்தகங்கள் நடைபாதையில் விழுந்தன. டிம்ப்னா குனிந்து பொறுக்கினாள். ஒன்றின் அட்டையில் மை எழுத்து: திருமதி கோரெட்டி ஹானலன்.

ஸ்கல்லி அதை அவள் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள். "இவ ஆத்துக்கு அந்தப் பக்கத்துத் தபாலாபீசுக்கு வர்றவ. நீ பாக்கல, நான் காட்டல."

அன்று டிம்ப்னா அறுபது பவுண்டையும் முழுதாக வாங்கினாள். சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. அதே கட்டுக்குள் தன் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, பொய் எழுதினியா, என்கிட்டயே என்று கேட்டாளே. தாழ்வாரத்தில் நிற்க வைத்தாளே. அந்தக் கோபத்தோடுதான் கோரெட்டியின் பின்கதவைத் தட்டினாள். கதவு திறந்து அந்த முகத்தைப் பார்த்ததும், கொண்டுவந்த வார்த்தைகளில் பாதி எங்கோ போய்விட்டன.

"உன் புக்கைப் பாத்தேன்," என்று மட்டும் சொன்னாள்.

கோரெட்டி கதவைச் சாத்தினாள். சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்று டிம்ப்னா கேட்டாள்.

"நாலு வருஷம். ஃபிராங்க்கோட குதிரைங்க." கோரெட்டி மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். "எல்லாம் சரியாயிடும்னு முதல்ல எண்பது வாங்கினேன்."

"சங்கம் உன் கையிலேயே இருக்கு. நீ கேட்டா இல்லேன்னா சொல்லுவாங்க?"

"உனக்கென்ன தெரியும்?" கோரெட்டியின் குரல் உடைந்தது. "உன் பாரத்தை மூணு பேர் படிச்சோம். பொறுப்புல இருக்கறவ கடன் கேட்டா மூணு பேர் போதாது. மொத்த போர்டும் உக்காந்து, ரகசிய ஓட்டுப் போட்டு முடிவெடுக்கணும். பதினோரு பேருடி. அதுல ஒருத்தர் ஃபிராங்க்கோட டிப்போ மேனேஜர். ஒருத்தி என் கல்யாணத்துக்குப் பூச்செண்டு கட்டினவ. ஒவ்வொரு வியாழக்கிழமையும் ஊர்க்காரங்க பாரத்தைப் படிப்பேன். இவளுக்கு என்னைவிடக் கம்மிக் கடன், இவ தைரியமா எழுதியிருக்காளேன்னு நெனச்சுக்கிட்டே கையெழுத்துப் போடுவேன்."

டிம்ப்னாவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளாக அந்தக் கஞ்சி போட்ட திரையைப் பார்த்து அவள் முதுகை நிமிர்த்தியது நினைவு வந்து, அவளுக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். பதினோரு பேர் என்பது பதினோரு பேர்தான்.

"அன்னிக்கு லேசி என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் கடைசியில். "என் பாரத்தை நீ படிச்சதும்?"

கோரெட்டி யோசித்தாள். "ஒண்ணும் சொல்லல. தன் பேனாவை எடுத்து மூடியைத் திறந்து, நான் முதல்ல கையெழுத்துப் போடட்டும்னு காத்துக்கிட்டிருந்தாரு."

தெருவில் பேருந்து வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஃபிராங்க் வருகிற நேரம். கோரெட்டி எழுந்து முகத்தைக் குழாய்த் தண்ணீரில் கழுவினாள். துண்டால் துடைத்துக்கொண்டு, டிம்ப்னாவுக்கு முதுகைக் காட்டியபடியே கேட்டாள்:

"முதல்ல லேசிகிட்ட போய்ச் சொல்லணும்னா, நீயும் கூட வருவியா?"